கீ வாங்கும் முன் பில் கேளுங்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது மைக்ரோசாஃப்ட். சேலம் மாவட்டம் ஆத்தூரில் ஜெராக்ஸ் கடை, போட்டோ ஸ்டுடியோ, ஆடிட்டர் அலுவலகம், சேகோ ஆலை என எங்கும் இனி விண்டோஸ் 11 வேண்டும். தகுதியுள்ள விண்டோஸ் 10 கணினி என்றால் அது இலவசமாகவே ஏறும். அது தெரியாமல், ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் ‘லைஃப்டைம் கீ’ எனும் உரிம எண்ணை வாங்கிப் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒரு நிறுவனமோ கல்லூரியோ தன் கணினிகளுக்கு மொத்தமாகப் பெற்ற எண் வெளியே கசிந்து, பல பேர் தலையில் கட்டப்படுகிறது. திருட்டு கார்டில் வாங்கிய கீயும் சந்தைக்கு வருகிறது. ‘ஃபேக்டோரியோ’ விளையாட்டின் 198 கீகள் தன் தளத்தில் முறைகேடாக விற்கப்பட்டதை 2020-ல் ஒப்புக்கொண்ட ஆன்லைன் கீ சந்தையான ஜி2ஏ, அதைத் தயாரித்த செக் நாட்டு நிறுவனத்துக்கு 39,600 டாலர் கொடுத்தது. இப்படிப்பட்ட கீ முதலில் நன்றாகவே வேலை செய்யும். எண் முடக்கப்படும் நாளில் விற்றவரைத் தேடினால் கிடைக்க மாட்டார்.

போன பணத்தைக்கூட விட்டுவிடலாம். நம்மைப் பதறவைப்பது ஆஃபீஸ் மென்பொருள் விற்பனைதான். கீ என்று சொல்லிவிட்டு, ஒரு யூசர் ஐடியும் பாஸ்வேர்டும் அனுப்புகிறார்கள். கூடவே மைக்ரோசாஃப்டின் ஆன்லைன் சேமிப்பான ஒன்டிரைவில் தாராளமாக இடம். அந்தக் கணக்கின் அட்மின், முகம் தெரியாத யாரோ ஒருவர். அவர் நினைத்தால் பாஸ்வேர்டை மாற்றலாம், உள்ளே இருக்கும் ஃபைல்களைத் திறக்கலாம், கணக்கையே அழிக்கலாம். வாடிக்கையாளர்களின் ஆதார் நகலையும் பான் எண்ணையும் ஜிஎஸ்டி கணக்கையும் அதில் போட்டு வைப்பவர், தன்னை நம்பியவர்களை எல்லாம் சேர்த்து அந்த அட்மினிடம் ஒப்படைக்கிறார். ‘டிஃபெண்டரை ஆஃப் பண்ணிட்டு இந்த ஃபைலை ரன் பண்ணுங்க சார்’ என்று, வைரஸ் தடுப்பையே அணைக்கும்படி போனில் யாராவது சொன்னால், அந்த நொடியே இணைப்பைத் துண்டியுங்கள்.

சட்டமும் சும்மா இருக்காது. திருட்டு நகல் என்று தெரிந்தே பயன்படுத்தினால், பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவின்படி 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை; 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபார ஆதாயத்துக்காக அல்ல என்றால் மட்டுமே நீதிமன்றம் சிறையைத் தவிர்க்க முடியும். கடைக்காரருக்கு அந்தச் சலுகை ஏது?

மக்காச்சோள மாவு கலந்த மலிவு ஜவ்வரிசியோடு மல்லுக்கட்டி வந்த வட்டாரம் இது. 2023-ல் சேலம் ஜவ்வரிசி புவிசார் குறியீடு பெற்றது. அசல் சரக்கு ஏன் அடிமாட்டு விலைக்கு வராது என்பதை இங்குள்ள வியாபாரிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே கறாரோடு மென்பொருள் விற்பவரிடமும் ஜிஎஸ்டி எண் போட்ட பில் கேளுங்கள். இழுத்தடித்தால் வாங்காதீர்கள். கையில் காசில்லை என்றால் லிப்ரே ஆஃபீஸ் இலவசம். கடிதத்துக்கும் கணக்குக்கும் அது தாராளமாகப் போதும்.

ஏற்கெனவே இரவல் ஐடி வாங்கியவர்கள் இன்றே ஃபைல்களைச் சொந்த ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றுங்கள். வங்கி, ஜிஎஸ்டி பாஸ்வேர்டுகளை வேறொரு கணினியிலிருந்து மாற்றுங்கள். பணம் பறிபோயிருந்தால் 1930-க்கு உடனே அழையுங்கள்.