அந்தப் பட்டியலில் ஆயாம்மாவும் இருக்க வேண்டும்

நான் வேலை பார்த்த தனியார் மருத்துவமனையில் ‘ஆல் ஸ்டாஃப்’ என்று ஒரு மெயில் குழு இருந்தது. டாக்டர்கள், நர்ஸ்கள், லேப், எக்ஸ்ரே, பார்மசி, பில்லிங், அக்கவுண்ட்ஸ் என்று எல்லோரும் அதில் இருந்தார்கள். வார்டைக் கூட்டித் துடைப்பவர்கள், கழிவு நிறைந்த மஞ்சள் பையையும் சிவப்புப் பையையும் கட்டி எடுத்துப்போகிறவர்கள், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்கள், வாசலில் நிற்கும் செக்யூரிட்டி ஆகியோரில் ஒருவர்கூட இல்லை. அவர்கள் கான்ட்ராக்ட் ஆட்கள். சம்பளம் வேறு கம்பெனியிலிருந்து வருகிறது. அதனால் மெயில் ஐ.டி. கிடையாது. மெயில் ஐ.டி. இல்லாததால் தகவலும் கிடையாது.

நர்சிங் சூப்பிரண்டெண்டாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். அலுவலகத்தில் ஆளைத் தேர்ந்தெடுத்து மெயில் அனுப்புவது தப்பு என்று சொல்ல வரவில்லை. தேர்ந்தெடுத்துத்தான் அனுப்ப வேண்டும் என்று எச்.ஆரிடம் பலமுறை வாதாடியவள்கூட. ஒரு வார்டுக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர். அந்த வார்டுக்கு ஒரே மெயில் ஐ.டி. மூன்று ஷிஃப்டுக்கும் அதுவே. டாக்டர்களின் கார் நிறுத்தும் இடம் மாறியது, கேன்டீனில் சாப்பாட்டு விலை கூடியது, யாரோ கருத்தரங்கில் பரிசு வாங்கியது எல்லாம் அந்தப் பெட்டிக்குள் வந்து விழும். நைட் டூட்டி சிஸ்டர் நோயாளிக்கு டிரிப் மாற்றிவிட்டு வந்து அவசரமாக ஒன்றைத் திறந்து மூடுவார். திறந்த மெயிலின் தடித்த எழுத்து போய்விடும். காலை ஷிஃப்டுக்கு வருகிறவர் அதைப் படித்தாயிற்று என்று நினைத்துக்கொள்வார். ஒரு மருந்தின் டோஸ் மாறிய செய்தி அப்படியே புதைந்துபோனதைப் பார்த்திருக்கிறேன்.

கண்மூடித்தனமாக எல்லோருக்கும் அனுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் துறையிலேயே பெரிய உதாரணம் உண்டு. 2016 நவம்பரில் இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவையில், ஒரு சிறு குழுவுக்கு என்று நினைத்து அனுப்பிய சோதனை மெயில் சுமார் 8,40,000 பேருக்குப் போய்விட்டது. அதைப் பெற்றவர்கள் “என் பெயரை எடுத்துவிடுங்கள்” என்று அத்தனை பேருக்குமே பதில் போட, மெயில் அமைப்பே திணறிப்போனது.

ஆகவே குழு பிரிப்பது சரி. ஆனால் எதை வைத்துப் பிரிக்கிறோம்? நான் பார்த்த அலுவலகங்களில் பதவியை வைத்துப் பிரித்தார்கள். சம்பளப் பட்டியலை வைத்துப் பிரித்தார்கள். அந்தச் செய்தி யாருடைய கைக்கும் காலுக்கும் சம்பந்தப்பட்டது என்று பார்த்துப் பிரித்தது மிகக் குறைவு. என் சண்டை அதனோடுதான்.

ஊசி குத்திய சம்பவம் ஒன்றைச் சொல்கிறேன். நோயாளிக்குப் போட்ட ஊசி நம் கையில் குத்திவிட்டால் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். காயத்தைப் பிதுக்கக் கூடாது. உடனே டூட்டி டாக்டரிடம் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. அபாயம் இருந்தால் தடுப்பு மாத்திரையை முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எப்படியும் 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். எங்கள் மருத்துவமனையில் அந்த முதல் மாத்திரைகள் கேஷுவாலிட்டியில் இருந்தன. பிறகு வேறு இடத்துக்கு மாற்றினார்கள். அதைச் சொல்லி, என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக விளக்கி, நல்ல மெயில் ஒன்று போயிற்று. டாக்டர்கள் குழுவுக்கும் நர்சிங் குழுவுக்கும்.

அதற்குப் பிறகு ஒரு நாள் விடியற்காலையில், கழிவு அறையில் பையைக் கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாவுக்கு ஊசி குத்திவிட்டது. ஊசி துளைக்காத வெள்ளைப் பெட்டியில் போட வேண்டியதை யாரோ பையில் போட்டிருக்கிறார்கள். அவர் கையைக் கழுவினார், ஒரு துணியைச் சுற்றினார், மீதி வார்டுகளையும் துடைத்து முடித்தார். சூப்பர்வைசரிடம் சொன்னால் “கிளவுஸ் ஏன் போடலை?” என்றுதான் முதலில் கேட்பார் என்ற பயம். காலையில் டூட்டி முடிந்து போகும்போது என்னிடம், “சிஸ்டர், ராத்திரி ஒண்ணு குத்திடுச்சு. சும்மா உங்க காதுல போட்டு வைக்கிறேன்” என்றார். எந்த நோயாளிக்குப் போட்ட ஊசி என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. மணிக்கணக்கில் நேரம் போன பிறகுதான் மாத்திரை தொடங்கியது. பிறகு செய்த பரிசோதனைகளில் ஒன்றும் வரவில்லை என்பது பெரிய ஆறுதல்.

அந்த மெயிலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அதில் ஒரு குறையும் இல்லை. ராத்திரி தனியாக நின்று குப்பைப் பையைக் கட்டும் பெண்களுக்கு மட்டும் அது போகவில்லை.

இதைச் சொன்னால் நிர்வாகத்தில் ஒரு பதில் தயாராக இருக்கும். “அவங்க கான்ட்ராக்டரோட ஆளு மேடம், அவர்தான் சொல்லணும்.” சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள், மருத்துவமனையை நடத்துபவர் மீதுதான் பொறுப்பை வைக்கின்றன. கழிவைக் கையாளும் எல்லோருக்கும் வேலையில் சேரும்போதும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவதும் பயிற்சி தர வேண்டும். ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும். இதில் நிரந்தர ஊழியர், ஒப்பந்த ஊழியர் என்ற பிரிவினை இல்லை. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டமும் ஒப்பந்தத் தொழிலாளரைச் சேர்த்தே பேசுகிறது. புகார்க் குழு அமைத்த ஆணையை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் வைக்கச் சொல்கிறது. துறைத் தலைவர்களுக்கு மெயில் அனுப்பி “உங்கள் பிரிவில் தெரிவிக்கவும்” என்று முடித்துக்கொள்வதால் அந்தக் கடமை தீராது. மெயிலே இல்லாத 1948இல் வந்த தொழிற்சாலைகள் சட்டம்கூட, அறிவிப்பை ஆங்கிலத்திலும் பெரும்பாலான தொழிலாளருக்குப் புரியும் மொழியிலும் வாசலருகே ஒட்டச் சொன்னது. மெயில் வந்த பிறகு அந்த அறிவிப்புப் பலகையில் பழைய பொங்கல் வாழ்த்துதான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

2024 ஆகஸ்டில் கொல்கத்தா ஆர்.ஜி.கர் மருத்துவமனையில் ஒரு பெண் மருத்துவர் கொல்லப்பட்டபோது நாடே கொதித்தது. ஊர் ஊராக மருத்துவமனைகள் பாதுகாப்பு ஏற்பாடுகளைப் புதுப்பித்தன. எனக்குத் தெரிந்த ஒரு மருத்துவமனையில் இரவு வேலை முடிந்து போகும் பெண்களுக்கு வண்டி ஏற்பாடு செய்தார்கள். நல்ல காரியம். மெயில் போனது பெண் டாக்டர்கள் குழுவுக்கு. அவர்களில் பலருக்குச் சொந்தக் கார் இருந்தது. இரவு ஷிஃப்ட் முடிந்து, விளக்கு எரியாத தெருவில் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துபோன நர்சிங் உதவியாளர்களுக்கும் ஆயாம்மாக்களுக்கும் அப்படி ஒரு வண்டி ஓடுவதே தெரியாது. கேட்டால் ஏற்றியிருப்பார்கள். கேட்கலாம் என்பது தெரிந்தால்தானே கேட்பார்கள்?

இதற்கு மறுபக்கமும் உண்டு. சில மெயில்கள் யாருக்கெல்லாம் போயின என்பதே வெளியில் தெரியக் கூடாது. 2015 செப்டம்பரில் லண்டனில் ‘56 டீன் ஸ்ட்ரீட்’ என்ற கிளினிக், எச்.ஐ.வி. தொடர்பான ஒரு சேவையில் பதிந்திருந்த சுமார் 780 பேருக்குச் செய்திமடல் அனுப்பியது. முகவரிகளை மறைத்து அனுப்பும் பி.சி.சி. கட்டத்தில் இடாமல் ‘டு’ கட்டத்தில் இட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் மற்ற எல்லோருடைய முகவரியும் தெரிந்துபோனது. அதை நடத்திய தேசிய சுகாதாரச் சேவை அமைப்புக்கு மறு ஆண்டில் 1,80,000 பவுண்டு அபராதம் விதிக்கப்பட்டது. நம் ஊரிலும் தடுப்பூசிக்குப் பிறகு எதிர்ப்புச் சக்தி வராத எட்டு நர்ஸ்களின் பெயர்ப் பட்டியலை எல்லா வார்டுக்கும் அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்களுக்கு ஏதோ நோய் என்று ஒரு வாரம் பேச்சு ஓடியது. எட்டுப் பேருக்குச் சொல்ல வேண்டியதை எட்டுப் பேரிடம் தனித்தனியாகச் சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

குழுவைப் பிரிப்பவர் பெரும்பாலும் எச்.ஆரிலோ ஐ.டி. பிரிவிலோ இருக்கும் இளைஞர். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்குக் கழிவு அறையில் யார் நிற்கிறார்கள் என்பதை அவருக்கு யாரும் காட்டியதில்லை. அதனால் உயிருக்கும் உடம்புக்கும் சம்பந்தப்பட்ட எந்தச் செய்தியும் வெளியே போகும் முன், வார்டு தெரிந்த ஒருவர் ‘இது யாருக்கெல்லாம் போகிறது’ என்று பார்த்துக் கையெழுத்திட வேண்டும். மெயில் எட்டாதவர்களுக்கு ஷிஃப்ட் மாறும்போது வாயால் சொல்ல வேண்டும். தமிழில், பெரிய எழுத்தில், படத்தோடு கழிவு அறைச் சுவரிலேயே ஒட்ட வேண்டும். வட மாநிலத்துப் பிள்ளைகள் வேலை பார்க்கிற இடமென்றால் இந்தியிலும் ஒட்ட வேண்டும். சூப்பர்வைசரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பியதோடு வேலை முடிந்தது என்று விடக் கூடாது. அந்தச் செய்தி அவர் போனிலேயே நின்றுவிடும்.

தடுப்பூசி விஷயத்தை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். ஹெபடைடிஸ் பி ஊசி மூன்று தவணை. முதல் ஊசி போட்டு ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. நிரந்தர ஊழியருக்குத் தேதி வந்ததும் நினைவூட்டும் மெயில் போகும். ஆயாம்மாவுக்கு அந்த ஆறு மாதத்துக்குள் கான்ட்ராக்டரே மாறிவிடுவார். வேலை செய்கிற பெண்கள் பெரும்பாலும் பழையவர்கள்தான். புடவைக்கு மேல் போடும் கோட்டின் நிறம் மட்டும் மாறும். பழைய கம்பெனியின் தடுப்பூசி நோட்டு அந்தக் கம்பெனியோடு போய்விடும், மூன்றாவது ஊசியும் அதோடு போய்விடும். கான்ட்ராக்டர் யாராக இருந்தாலும், துப்புரவுப் பணியாளர் ஒவ்வொருவரின் பெயர், செல்போன் எண், தடுப்பூசித் தேதிகள் அடங்கிய பதிவேடு மருத்துவமனையின் இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் நர்ஸின் கையில் இருக்க வேண்டும். அந்த எண்ணுக்கு அவரே போன் போட்டுக் கூப்பிட வேண்டும். ஒப்பந்தத்தில் இதற்காக ஒரு வரி சேர்த்தால் போதும். அடுத்து கையெழுத்தாகும் ஒப்பந்தத்திலேயே அதைச் சேர்க்கும்படி மருத்துவமனை நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.