மன்றம் சென்ற தோல் வணிகர்

“அரசியலா? அது நமக்கெதற்கு?” என்று நண்பர்கள் பலர் கூறக் கேட்கிறேன். அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. 2019 ஏப்ரலில் பெருந்தொகை கைப்பற்றப்பட்டதன் காரணமாக, வாக்குப்பதிவுக்கு இரண்டே நாட்கள் இருந்தபோது, நமது வேலூர் நாடாளுமன்றத் தொகுதியின் தேர்தல் இரத்து செய்யப்பட்டது. பின்னர் ஆகஸ்டு 5ஆம் நாள்தான் தேர்தல் நடந்தது. அந்த வெட்கம் வேலூர், குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி மக்களாகிய நம் அனைவருக்கும் உரியது.

இவ்வேளையில், நம் வட்டாரத்தின் தொழிலான தோல் வணிகத்திலிருந்து நாடாளுமன்றம் சென்ற ஒருவரை எண்ணிப் பார்க்க வேண்டும். அவர்தான் காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில். 1896இல் திருநெல்வேலிப் பேட்டையில் பிறந்தவர். ஒத்துழையாமை இயக்கத்தின்போது பட்டப்படிப்பையே துறந்தவர். 1946 முதல் 1952 வரை சென்னைச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவர். அரசியல் நிர்ணய சபையிலும் உறுப்பினர்.

1949 செப்டம்பரில் அச்சபையில் ஆட்சிமொழி பற்றிய விவாதம் நடந்தது. மொழியின் தொன்மையே அளவுகோல் என்றால் தமிழின் உரிமையை மறக்கலாகாது என்று அங்கே எடுத்துரைத்தவர் அவர். அதே ஆண்டில் சிறுபான்மையினருக்குத் தனி வாக்காளர் தொகுதி வேண்டுமென்றும் கேட்டார். சபை அதனை ஏற்கவில்லை. அக்கோரிக்கை எனக்கும் உடன்பாடன்று. ஆனால் தோற்றபின்னும் அவர் மன்றத்தை வெறுத்து ஒதுங்கவில்லை. 1952 முதல் 1958 வரை மாநிலங்களவையில் இருந்தார். 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் கேரளத்து மஞ்சேரியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1972 ஏப்ரல் 5ஆம் நாள் மறையும்வரை உறுப்பினராகவே இருந்தார்.

மஞ்சேரியில் அவரது கட்சிக்குச் செல்வாக்கு இருந்தது உண்மையே. ஆயினும் மலையாளம் பேசும் மக்கள் ஒரு தமிழரை மும்முறை அனுப்பியது எதற்காக? தம் சார்பில் பேசுவார் என்னும் நம்பிக்கையால் அல்லவா?

இதை என் தாயாரிடம் சொன்னேன். வீட்டிலிருந்தே ஷூவின் மேல்தோல் தைத்து, ஜோடிக் கணக்கில் கூலி பெறுபவர் அவர். ஊசியை நிறுத்தாமலே கேட்டார்: “அஞ்சு வருசத்துக்கு ஒருவாட்டி வர்றவங்க குடுக்கறத வேணாம்னு சொல்லிட்டா, மறுநாள் நமக்கு யாருடா குடுப்பாங்க?”

என்னால் உடனே பதில் கூற இயலவில்லை. ஏழையின் கேள்வியை அறிவுரையால் வாயடைப்பது முறையன்று. ஆனால் பின்னர் எண்ணிப் பார்த்தேன். என் தாயார் ஒரு ஜோடிக்குக் கூலி வாங்கிவிட்டால் அந்த ஜோடியின் கணக்கு அத்துடன் முடிந்தது. அது எங்கே போனது என்று கேட்க முடியாது. வாக்குக்கும் கூலி வாங்கினால் அதன் கணக்கும் அன்றே முடிந்துவிடும். பிறகு வீட்டில் தைப்போரின் கூலியைப் பற்றி மன்றத்தில் ஏன் பேசவில்லை என்று எந்த வாயால் கேட்பது? தோல் கழிவுநீர் பாழாக்கிய பாலாற்றுக்காக 1991இல் உச்சநீதிமன்றம் சென்றது வேலூர்க் குடிமக்கள் நல மன்றம். 1996இல் தீர்ப்பும் வந்தது. குடிமக்கள் வழக்குமன்றம் செல்லுமுன் அந்தக் குரல் மக்கள் மன்றத்தில் ஓங்கி ஒலித்திருக்க வேண்டாமா?

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் நம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். நம் வீட்டார் வாக்களிக்குமுன் நம்மைத்தான் கேட்கிறார்கள். அப்போது, “யார் எவ்வளவு கொடுத்தார்?” என்பதை விடுத்து, “யார் நமக்காகப் பேசுவார்?” என்று கேட்கச் சொல்வோம். என் தாயாருக்கு நான் அளிக்கும் பதிலும் இதுவே.