தன் ஊரை ஆராயக் கடல் கடக்கலாகாதா?

கொல்லிமலை அடிவாரத்துப் பேளுக்குறிச்சியை வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் அதன் சந்தையை வைத்தே அறிவார்கள். மிளகும் சீரகமும் கடுகும் மொத்தமாக வாங்கிப் போகச் சுற்றுப்புறங்களிலிருந்து மக்கள் வந்து கூடும் ஊர் அது. நாமக்கல் மாவட்டத்திற்கு இன்னொரு சந்தையும் உண்டு. மதிப்பெண்ணையே விளைச்சலாகக் கொண்ட உறைவிடப் பள்ளிகளால் தமிழகம் முழுதும் பெயர் பெற்ற மாவட்டம் அது. அப்பள்ளிகளில் தொடங்கும் பாதை இப்போது கடல் தாண்டியும் நீள்கிறது. அயல்நாட்டுப் படிப்பு என்றால் மருத்துவம், இல்லையேல் கணினி என்பதே பெற்றோர் மனத்தில் பதிந்திருக்கும் சித்திரம். இந்தச் சித்திரத்தில் விடுபட்டுப்போன ஒருவரைப் பற்றியே நாம் இங்கே பேச விரும்புகிறோம். தமிழையோ வரலாற்றையோ மானிடவியலையோ படித்துவிட்டு, தன் ஊரையும் தன் மக்களையும் ஆராய வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குச் செல்ல நினைக்கும் அடிவாரத்து ஏழை மாணவர் அவர்.

அவருக்கு முன்னுள்ள வழிகளை முதலில் எண்ணிப் பார்ப்போம். வீட்டையோ நிலத்தையோ ஈடு வைத்து வங்கிக் கடன் பெறுவது ஒரு வழி. பொறியியல் மாணவர் வேலை கிடைத்ததும் அக்கடனை அடைத்துவிடலாம் என்று நம்பவாவது இடமுண்டு. சங்க இலக்கியம் படிக்கப் போகிறவருக்கு எந்த வங்கி அந்த நம்பிக்கையோடு பணம் தரும்? ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கற்பிப்புக் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆயினும் ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கான தொகையை முடக்கக் கணக்கில் முன்கூட்டியே காட்டியாக வேண்டும். 2024 செப்டம்பரில் அத்தொகை 11,904 யூரோவாக உயர்ந்தது. நம் பணத்தில் அது பத்து இலட்சம் ரூபாய்க்கும் மேல். அமெரிக்கப் பெரும் பல்கலைக்கழகங்கள் முனைவர் பட்ட மாணவர்களுக்குக் கட்டணத்தை விலக்கி, வாழ்வதற்கு உதவித்தொகையும் தருவது நெடுநாள் வழக்கம். அந்தக் கதவும் இப்போது குறுகி வருகிறது. தெற்காசிய மொழிகளுக்குப் பெயர் பெற்ற சிகாகோ பல்கலைக்கழகம், கலை, இலக்கியம் சார்ந்த துறைகள் பலவற்றில் முனைவர் பட்டச் சேர்க்கையைக் குறைப்பதாகவோ நிறுத்திவைப்பதாகவோ 2025இல் அறிவித்தது.

எஞ்சுவது அரசின் பணம். மலைமேல் வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கென நடுவண் பழங்குடியினர் நல அமைச்சகத்தின் தனித்திட்டம் உள்ளது. அடிவாரத்துத் தலித் மாணவர்களும், நிலமற்ற வேளாண் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் நாட வேண்டியது சமூக நீதி அமைச்சகம் நடத்தும் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை. குடும்ப ஆண்டு வருமானம் எட்டு இலட்சத்துக்கு மேற்படாதவர்களுக்கு, நாடு முழுவதற்குமாக, ஆண்டுக்கு 125 இடங்கள். இந்தத் திட்டத்தின் நெறிமுறைகள் 2022 பிப்ரவரியில் திருத்தப்பட்டன. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வு ஆகியவற்றுக்கு இவ்வுதவி கிடையாது என்ற விதி அப்போது சேர்ந்தது. இந்தியாவைப் பற்றி ஆராய்வதற்கான சான்றுகளும் அறிஞர்களும் இங்கேயே இருக்கும்போது வெளிநாடு செல்லத் தேவையில்லை என்பது அமைச்சகத் தரப்பில் சொல்லப்பட்ட காரணம்.

இக்காரணம் முதற்பார்வைக்கு நியாயமாகத் தோன்றும். வரலாற்றோடு ஒப்பிட்டால் நிற்காது. 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில், மாதம் பதினொன்றரைப் பவுன் பெற்று, நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார் அம்பேத்கர். 1916 மே மாதம் அங்கே ஒரு மானிடவியல் கருத்தரங்கில் அவர் வாசித்த கட்டுரை இந்தியாவில் சாதிகள் தோன்றிய விதத்தையும் இயங்கும் விதத்தையும் பற்றியது. பின்னர் லண்டனில் அவர் செய்த முனைவர் ஆய்வு இந்திய ரூபாயின் சிக்கலைப் பற்றியது. 2022இன் விதி அன்று இருந்திருந்தால், சாதியைப் பற்றிய அவருடைய ஆராய்ச்சிக்கு ஒரு காசும் கிடைத்திருக்காது. தாழ்த்தப்பட்டோர் அயல்நாடு சென்று உயர்கல்வி பெற்றால் என்ன நிகழும் என்பதற்கு நாம் காட்டும் முதல் எடுத்துக்காட்டே அவர்தான். அவர் எழுதிய பொருளை அவர் வழிவந்தோருக்கு மறுப்பதில் உள்ள முரணை விளக்க வேண்டியதில்லை.

தமிழாராய்ச்சியின் கதையும் இதுவே. யாழ்ப்பாணத்துக் கைலாசபதி, ஓரி போன்ற தலைவர்களைப் பாடும் வீரநிலைப் பாடல்களை ஆராய்ந்தது மதுரையிலோ சென்னையிலோ அன்று. இங்கிலாந்தின் பிர்மிங்காமில், கிரேக்க இலக்கிய அறிஞர் ஜார்ஜ் தாம்சனின் வழிகாட்டலில். கிரேக்க, ஐரிஷ் வாய்மொழிக் காவியங்களின் அருகே வைத்துப் பார்த்தபோதுதான் நம் புறப்பாடல்களின் பாடல் மரபு அவருக்கு வேறு வெளிச்சத்தில் தெரிந்தது. அந்நூல் 1968இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்தது. சிவத்தம்பி பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகத்தை ஆராய்ந்ததும் அதே பிர்மிங்காமில். மைசூரில் பிறந்த ஏ.கே. ராமானுஜன் குறுந்தொகையைக் கண்டடைந்தது சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில், 1962இல். தம்முடைய பொருளைத் தம்முடைய ஊரிலிருந்து விலகி நின்று பார்த்ததால் இவர்கள் எவரும் அதிலிருந்து அந்நியப்படவில்லை. அந்த விலகலே அவர்களுக்குப் புதிய கேள்விகளைத் தந்தது.

சான்றுகள் எல்லாம் இங்கேயே உள்ளன என்பதும் பாதி உண்மைதான். காலனிய ஆட்சியின் இந்திய அலுவலக ஆவணங்கள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. தமிழ் ஓலைச்சுவடிகள் பாரிஸிலும் ஜெர்மனியின் ஹாலே நகரிலும் பாதுகாக்கப்படுகின்றன. இவற்றைக் காண நம்மவர் போகத்தான் வேண்டும்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் எலிசபெத் ஃபின்னிஸ் கொல்லிமலையில் தங்கிக் களப்பணி செய்தார். அங்குள்ள உழவர்கள் சிறுதானியத்தை விட்டு மரவள்ளி முதலிய பணப்பயிர்களுக்கு ஏன் மாறுகிறார்கள் என்பதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 2006இல் அமெரிக்க மானிடவியல் இதழில் வெளிவந்தது. மதிக்கத்தக்க பணி அது. அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் டொரன்டோவில் இருப்பவர் கொல்லிமலையை ஆராய வரலாம், அம்மலையின் நிழலில் பிறந்தவர் அதே பொருளை எடுத்துக்கொண்டு டொரன்டோவுக்குப் போக நம் அரசின் பணம் உதவாது என்றால், நம்மைப் பற்றிய அறிவை எழுதும் உரிமை யாரிடம் போய்ச் சேரும்? வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தங்கள் செலவில் சென்று இந்தியச் சமூகத்தைப் பற்றித் தொடர்ந்து எழுதுவார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகள் எழுதப்படும் பொருளாகவே நின்றுவிடுவார்கள்.

பணம் குறைவு, இடங்கள் 125 மட்டுமே, அவற்றை அறிவியலுக்கும் தொழில்நுட்பத்துக்கும் கொடுத்தால் ஒரு குடும்பம் நிமிரும் என்பார்கள். இந்த வாதத்தை நாம் எளிதாகத் தள்ளவில்லை. கடன்பட்ட வீட்டில் ஒரு பொறியாளர் உருவாவது சிறிய செய்தி அன்று. ஆனால் பொறியியலுக்கும் மேலாண்மைக்கும் வங்கிக் கடன் உண்டு, வேறு உதவித்தொகைகளும் ஓரளவு உண்டு. சந்தை கைவிட்ட துறைகளைத் தாங்குவதற்குத்தானே அரசின் பணம்? சந்தை விரும்பும் துறைகளையே அரசும் விரும்பினால், அரசு எதற்கு?

தமிழ்நாடு அரசு இதில் வேறு வழி காட்ட முடியும். ஹார்வர்டு தமிழ் இருக்கைக்குப் பத்துக் கோடி ரூபாய் கொடுத்த அரசு இது. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் வெளிநாட்டில் பயில ஆண்டுக்கு 36 இலட்சம் ரூபாய் வரை தரும் திட்டமும் இங்கு உண்டு. இத்திட்டத்தில் தமிழ், வரலாறு, மானிடவியல், மொழியியல் ஆகியவற்றுக்கென ஆண்டுதோறும் சில இடங்களையாவது தனியே ஒதுக்க வேண்டும் என்பது நம் கோரிக்கை. இருக்கைகளை நிறுவப் பணம் தருகிறோம். அவற்றின் எதிரே மாணவராக அமரப் போவது யார் என்றும் கேட்க வேண்டாமா? கூடவே, நடுவண் அரசின் 2022ஆம் ஆண்டு விதியை நீக்கக் கோரிக் கல்வியாளர்களும் எழுத்தாளர்களும் பேச வேண்டும். நம் சிற்றிதழ்கள் இவ்விதியைப் பற்றிப் போதிய அளவு எழுதவில்லை என்பதே நம் எண்ணம். ஆய்வின்றி இலக்கிய விமர்சனம் வளராது என்று ஓயாமல் கூறும் நாம், ஆய்வாளர் உருவாகும் இடத்தில் வைக்கப்பட்ட பூட்டைக் கவனிக்காமல் கடந்து போவது அழகன்று.

கல்லூரி ஆசிரியர்களாக இருக்கும் வாசகர்களுக்கு இறுதியாக ஒரு சொல். முதுகலை வகுப்பில் தன் ஊரின் கதையை ஆராய விரும்பும் மாணவர் ஒருவரேனும் உங்களிடம் இருப்பார். ஆய்வு முன்மொழிவை ஆங்கிலத்தில் எழுதக் கற்றுக்கொடுப்பது, எந்தப் பல்கலைக்கழகத்தில் தமிழாய்வு நடக்கிறது என்று சொல்வது, பரிந்துரைக் கடிதத்தைக் காலத்தில் அனுப்புவது ஆகிய மூன்றும் பணமின்றிச் செய்யக்கூடியவை. விதி மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.