செயலியும் தமிழ் பேசுக!

காசிமேட்டிலும் எண்ணூரிலும் விடியுமுன் கடலேறும் மீனவன் கையிலும் இன்று கைப்பேசி உண்டு. அதனுள் தமிழ் உண்டா? காற்றின் விரைவையும் அலையின் உயரத்தையும் மீன்மிகும் இடத்தையும் தமிழில் உரைக்கும் 'பிசர் பிரண்டு' செயலியை எம்.எசு. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஆக்கியளித்துள்ளது. அஃதொன்று இயலுமெனின் ஏனையவை ஏன் இயலா?

"தமிழில் இயலாது" என்பார்க்கு விடை 2005இலேயே கிடைத்தது. சிறுதிரைக் கைப்பேசியிலும் தமிழெழுத வழிசெய்தது, மலேசியத் தமிழர் முத்து நெடுமாறனின் 'செல்லினம்'. 2024இல் தொடங்கிய இண்டசு செயலிக்கடையோ தமிழுட்பட 12 இந்திய மொழிகளில் கதவு திறந்தது. கருவியுண்டு, கடையுண்டு, சரக்கு எங்கே?

தரமணியிலும் சிறுசேரியிலும் அயலார்க்குச் செயலி ஆக்கும் தமிழிளைஞரே! உங்கள் மூளையுழைப்பு உலகுக்கெல்லாம் பயன்படுகின்றது. திருவொற்றியூர் ஆலைத் தொழிலாளிக்கு மட்டும் எட்டாக்கனியோ? தன் வைப்புநிதிக் கணக்கைப் பார்க்கவும் பிறனிடம் கைப்பேசியை நீட்டி, மறைவெண்ணையும் சொல்லிவிட்டு நிற்கின்றானே, அவ்விழிவு யாரால் வந்தது? ஆங்கிலம் அறியாமை அவன் குற்றமன்று. அவன் மொழியை மதியாமை ஆக்குவோர் குற்றமே!

ஆளுக்கொரு செயலியேனும் தமிழில் ஆக்குக! ஆக்கியதைக் கைப்பேசிக்கடைகளில் ஏற்றுக! அதற்குப் பெயரும் தமிழிலேயே சூட்டுக!