கூடு விட்டுக் கூடு பாய்தல்

கைபேசியை மாற்றுதல் இக்காலத்து எளிய செயல்களுள் ஒன்றாகக் கருதப்படுகின்றது. பழைய கருவியைக் கழித்துப் புதியது வாங்குவோர் பலர். புதியது பழுதுற்றவிடத்துப் பெட்டியிற் கிடக்கும் பழையதை மீட்டும் கையிற் கொள்வோரும் பலர். ஆயினும், கருவி மாறிய பின்னர்த் தம் எண் உயிர்பெறாமையால், அழைப்பும் செய்தியும் வாராது, கடைக்கும் வீட்டிற்கும் நடந்து இளைப்போரை நாம் நாடோறும் காண்கின்றோம். இவ்விடர் எதனால் விளைகின்றது? இதனுள் நியாயமானது எது? நீக்கத்தக்கது எது? இவற்றைச் சிறிது ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் சிம் அட்டை இன்னதென்று அறிதல் வேண்டும். 1991 ஆம் ஆண்டில், ஜெர்மனி தேயத்து மூனிக் நகரிலுள்ள கீசெக்கே-டெவ்ரியண்ட் கம்பெனியார் இவ்வட்டையை முதன்முதல் செய்து, பின்லாந்து தேயத்து ரேடியோலின்யா கம்பெனியார்க்கு 300 அட்டைகள் விற்றனர். ஆளையும் கருவியையும் வேறு வேறாகப் பிரித்து வைத்தலே இவ்வட்டையால் விளைந்த பெரும் பயன். கருவிக்கு 15 இலக்கமுள்ள ஐ.எம்.இ.ஐ. எண் ஒன்றுண்டு, அது கருவியோடு பிறந்து கருவியோடு மாய்வது. அட்டைக்கோ தனக்கென அடையாள எண்ணும், எவர்க்கும் வெளிப்படாத இரகசியச் சாவி ஒன்றும் உள. கம்பெனியாரது நிலையம் ஓர் எண்ணை வினாவாக விடுக்க, அட்டை அச்சாவியைக் கொண்டு உள்ளேயே கணக்கிட்டு விடையை மட்டும் அனுப்புகின்றது. விடை பொருந்துமாயின் வழி திறக்கும். சாவி ஒருகாலும் அட்டையை விட்டு வெளிப்போவதில்லை.

தமிழிலக்கணம் பயில்வார்க்கு இதனை விளக்குதல் எளிது. மெய்யெழுத்து உயிரின்றித் தனித்து இயங்காது. ஓர் உயிரோ பதினெட்டு மெய்யொடும் கூடும். எம்மெய்யொடு கூடினும் தன் ஓசை திரியாது. இங்கும் அட்டை உயிர், கருவி மெய். ஆதலின், நல்ல நிலையிலுள்ள அட்டையை ஒரு கருவியினின்று எடுத்து அதற்கு ஏற்ற மற்றொரு கருவியில் இடுதற்கு எவருடைய அனுமதியும் வேண்டுவதில்லை. உயிர்ப்பித்தல் என்னும் சடங்கும் வேண்டுவதில்லை. இட்ட சில நிமிடங்களில் எண் தானே இயங்கும். கூடு விட்டுக் கூடு பாய்தல் என்று நம் முன்னோர் கதைகளிற் கேட்டதனை, இவ்வட்டை ஏழைக்கும் எளிதாக்கிற்று.

அங்ஙனமாயின் இடர் எங்கிருந்து வந்தது? காரணங்கள் மூன்று. முதலாவது உருவம். ஆதியில் ஏறத்தாழ 85 மில்லிமீட்டர் நீளமிருந்த அட்டை படிப்படியாகக் குறுகி, 2012 ஆம் ஆண்டில் நானோ என்னும் வடிவம் எய்தி 12.3 மில்லிமீட்டர் நீளமும் 8.8 மில்லிமீட்டர் அகலமும் உடையதாயிற்று. பெரியதைக் கத்தரித்துச் சிறிய வாயில் இடுவோரும், சிறியதைச் சட்டத்திற் பொருத்திப் பெரிய வாயில் இடுவோரும் அட்டையையோ கருவியையோ பழுதாக்குதல் உண்டு. இரண்டாவது மின்னழுத்தம். மிகப் பழைய அட்டைகள் 5 வோல்ட் மின்னழுத்தத்திற்கென அமைந்தவை. பின்வந்தவை 3 வோல்ட்டிலும் 1.8 வோல்ட்டிலும் இயங்குவன. புதிய கருவி தரும் குறைந்த மின்னழுத்தம் அப்பழைய அட்டையை எழுப்பாது.

மூன்றாவது காரணமே தலையாயது. அஃது அலைவரிசையின் தலைமுறை. 2ஜி காலத்து அட்டை 4ஜி நிலையத்தின் வினாவிற்கு விடையிறுக்க வல்லதன்று. 2016 ஆம் ஆண்டு செப்டம்பர் 5 ஆம் நாள் தொடங்கிய ஜியோ சேவை 4ஜி ஒன்றனையே உடையதாயிருந்தமையால், பழைய 2ஜி பட்டன் போன்கள் அதன்கண் பயன்படாவாயின. இவ்வாறு புதிய கருவிக்குப் பழைய அட்டையும், புதிய அட்டைக்குப் பழைய கருவியும் ஒவ்வாதவழி, கம்பெனியாரிடம் வேறு அட்டை பெறுதல் வேண்டும். எண் ஒன்றேயாயினும் சாவி வேறு. புதிய சாவி ஏற்கப்பெற்ற அந்நொடியே பழைய அட்டை செத்த அட்டையாகின்றது. மீட்டும் உயிர்ப்பித்தல் என்று மக்கள் வழங்குவது பெரும்பாலும் இதனையே.

இவ்வுயிர்ப்பித்தற்கு ஆளடையாளம் காட்டல் வேண்டும். அதன் பின்னரும் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வருதலும் போதலும் நம் நாட்டில் நிறுத்தி வைக்கப்படுகின்றன. அன்றியும், இழந்த அல்லது கெட்ட அட்டைக்கு ஈடாகப் புதியது பெற்றோர், 7 நாள் கழியுமுன் தம் எண்ணை வேறு கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளல் இயலாது என்னும் விதி 2024 ஆம் ஆண்டு ஜூலை 1 ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. இவற்றை வீண் தொல்லையென்று இகழ்வார் உளர். யான் அங்ஙனம் கருதேன். பிறன் எண்ணுக்குப் பொய்யடையாளம் காட்டிப் புது அட்டை பெற்று, அதன்கண் வரும் ஓ.டி.பி.யைக் கொண்டு அவன் வங்கிப் பணத்தைக் கவரும் கள்வர் பெருகினர். உடையவன் தன் அட்டை ஏன் மாண்டதென்று வினவித் தெரிந்துகொள்ளுதற்கு ஒரு நாள் அவகாசம் தருவதே இத்தடையின் கருத்து. வாயிலில் காவல் நிற்பவன் வீட்டாரையும் ஒரு கணம் நிறுத்தி உசாவுதல் குற்றமன்று.

குற்றம் யாதெனின், காவல் உண்டென்பதை முன்னரே சொல்லாமை. கடைக்காரர் அட்டையைத் தந்து, "சிறிது நேரத்தில் வந்துவிடும்" என்று கூறி விடுகின்றார். மறுநாட் காலை மருத்துவமனைக்குப் பணம் செலுத்த வேண்டியவரும், கல்லூரித் தேர்வுக்குக் கட்டணம் செலுத்தும் இறுதி நாளை எதிர்நோக்கியிருப்பவரும் ஓ.டி.பி. வாராமை கண்டு திகைக்கின்றனர். அழைப்பு வருகின்றதே, செய்தி மட்டும் ஏன் வாரவில்லை என்று அவர்க்கு விளங்குவதில்லை. யூ.பி.ஐ. வழிப் பணம் அனுப்புவோர்க்கு வேறொரு சங்கடமும் உண்டு. அச்செயலி எண்ணையும் கருவியையும் ஒன்றோடொன்று பிணைத்திருத்தலின், கருவி மாறினால் அட்டையினின்று செய்தி அனுப்பி மீட்டும் பிணைத்தல் வேண்டும். செய்தி தடையுற்ற அந்நாளில் அதுவும் கைகூடாது. ஒரு துண்டுத் தாளிற் சில வரிகள் தமிழில் அச்சிட்டுக் கொடுத்தால் நீங்கத்தக்க துன்பம் இது.

இனி, அட்டையே இல்லாத இ-சிம் என்பதனை நோக்குவோம். இதன் பொது விதிகள் 2016 ஆம் ஆண்டில் வெளிவந்தன. 2022 ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டில் விற்கப்பட்ட ஐபோன் 14 அட்டையிடும் வாயிலே இன்றி வந்தது. இதனால் நன்மைகள் உள. திருடன் அட்டையைக் கழற்றி எறிதல் இயலாது. அயல்நாடு செல்வோர் அங்குள்ள சேவையைக் கடைக்குச் செல்லாமலே பெறலாம். ஆயினும் இழப்பு ஒன்றுண்டு. அட்டை கையிலிருந்த காலத்து, கருவி மாற்றுவது உடையவன் விருப்பம். இ-சிம்மிலோ ஒவ்வொரு மாற்றத்திற்கும் கம்பெனியாரது நிலையம் இசைதல் வேண்டும். கருவி நீரில் விழுந்து கெட்டதாயின், அட்டையுடையவன் அதனைக் கழற்றிப் பெட்டியிலுள்ள பட்டன் போனில் இட்டு உடனே தன் தாய்க்குச் செய்தி சொல்லலாம். இ-சிம் உடையவனோ பட்டன் போனைக் கையில் வைத்துக்கொண்டும் வாய் மூடி நிற்பான். புதியதற்குச் செல்லும் வழி அகலமாகவும், பழையதற்கு மீளும் வழி அடைபட்டும் இருத்தல் முறையோ?

பழையதற்கு மீள விரும்புவோர் யாவர் என்று சிலர் வினவலாம். கண் மங்கிய முதியோர், வயலில் உழைப்போர், ஒரு முறை மின்னேற்றினால் சில நாள் நிற்கும் கருவியை வேண்டுவோர், மகனது பழைய கருவியைத் தாயும் அவளது கருவியைத் தம்பியும் வழிவழியாகப் பெறும் எளிய குடும்பத்தார் ஆகிய இவரே. நம் கல்லூரி மாணவருள்ளும் பலர் இத்தகைய இல்லங்களினின்று வந்தோமல்லவா? எளியோர் வீட்டில் கருவி கைமாறுதல் தேவை பற்றியதேயன்றி ஆடம்பரம் பற்றியதன்று. அவர்க்கு அட்டை ஒரு சிறு சொத்து.

ஆகவே யான் வேண்டுவன மூன்று. அட்டையிடும் வாயிலையுடைய கருவிகள் நம் நாட்டில் வழக்கொழியாதிருத்தல் வேண்டும். இ-சிம் விரும்புவார்க்கு விருப்பமாக நிற்க, பிறர்க்குக் கட்டாயமாகாதிருத்தல் வேண்டும். இரண்டாவதாக, இ-சிம்மினின்று அட்டைக்கு மீள விரும்புவோர்க்கு அவ்வழி எளிதாகவும் செலவின்றியும் அமைதல் வேண்டும். மூன்றாவதாக, புது அட்டை தருவோர் 24 மணி நேரத் தடையைப் பெறுவோரது தாய்மொழியில் எழுத்தாற் கூறுதல் வேண்டும். காவலைத் தளர்த்த வேண்டுமென்று யான் கேட்கவில்லை. உடையவனுக்குக் காவலின் முறையைத் தெரிவிக்க வேண்டுமென்றே கேட்கின்றேன்.

கற்றார்க்கும் இதன்கண் கடமையுண்டு. நண்பர்காள்! விடுமுறையில் ஊர் செல்லுங்கால், பெரியோர்க்குக் கருவி மாற்றும் பொறுப்பு நம்மேல் விழுதல் இயல்பு. அட்டையைக் கழற்றுமுன், பழைய கருவியிலுள்ள பெயர்களையும் எண்களையும் படியெடுத்து வைப்போமாக; அட்டையில் ஏறத்தாழ 250 பெயர்களே அடங்கும்; எஞ்சியவை கருவியிலேயே தங்கிவிடும். அட்டைக்குப் பின் எண் இடப்பட்டிருப்பின் அதனை உசாவி அறிவோமாக. மூன்று முறை தவறினால் அட்டை பூட்டிக்கொள்ளும். அதனைத் திறக்கும் 8 இலக்கப் பக் எண்ணும் பத்து முறை தவறினால் அட்டை மீளாது. புது அட்டை வேண்டியதாயின், பணம் செலுத்தும் நாளுக்கு முந்திய நாளை அதற்குத் தேர்ந்தெடாதிருப்போமாக. பயனின்றிப் பெட்டியிற் கிடக்கும் அட்டையையும் மறத்தல் ஆகாது. 90 நாள் யாதொரு பயனுமின்றிக் கழிந்தால் எண் அணைக்கப்படலாம். அதன்பின் குறைந்தது மேலும் 90 நாள் கழித்து அது பிறரொருவர்க்கு வழங்கப்படலாம். அப்பொழுது நம் வங்கிச் செய்தி அயலார் கையிற் சேரும்.

ஓர் எண் இன்று ஒருவனுக்குப் பெயர் போன்றது. அவனது பணமும் உறவும் மருந்தும் கல்வியும் அதன் வழியாக அவனை வந்தடைகின்றன. பெயரைக் களவினின்று காத்தல் அரசினர்க்கும் கம்பெனியார்க்கும் கடன். அப்பெயரைத் தான் விரும்பிய கருவியில், அது பழையதாயினும் புதியதாயினும், வைத்துக்கொள்ளுதல் அவனுக்கு உரிமை. கடனைக் காட்டி உரிமையைக் குறைத்தல் தகாது.