உலர்மலரின் குறையையும் சொல்லி விற்போம்

திருமண அலங்காரத்துக்கும் வரவேற்பறைச் சாடிக்கும் உலர்மலர் கேட்டு வருவோர் முதலில் வினவுவது ஒன்றே: "இது என்றைக்கும் இப்படியே இருக்குமல்லவா?" மலர் அலங்காரத்தைத் தொழிலாகக் கொண்ட நானும் பல காலம் அதற்குத் தலையாட்டி வந்தேன்.

உலர்மலர் வாடாது என்பது உண்மை. ஆனால் வெளிறும், உதிரும், ஈரத்தை உறிஞ்சும். சன்னலோர வெயிலில் வைத்தால் சில மாதங்களில் நிறம் போய்விடும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் மழைக்காலக் காற்றே அதில் பூஞ்சணம் பிடிக்கப் போதுமானது. நிறத்திலும் ஒரு செய்தி உண்டு. பால்வெண்மையாகத் தெரிபவை பெரும்பாலும் மருந்திட்டு வெளுக்கப்பட்டவை. அடர்நீலம் போன்றவை சாயத்தில் தோய்த்தவை. தூத்துக்குடியிலிருந்து வெளிநாடுகளுக்குச் செல்லும் உலர்மலர்களிலும் இவை வழக்கமான வேலைகளே. செய்வதில் தவறில்லை; வாங்குபவரிடம் மறைப்பதைத்தான் நான் ஏற்கவில்லை.

இதை நான் கற்றது ஒரு நிக்காஹ் நாளில். மணமகளின் தாயார் விரும்பியபடி, சாயமேற்றிய உலர்மலர்களால் மாலை கட்டிக் கொடுத்தேன். வாசலில் தெளித்த பன்னீர் பட்டு, சாயம் கரைந்து வெளிர்நிற உடையில் இறங்கிவிட்டது. 'கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே' என்று என்னை நானே சமாதானப்படுத்திக் கொண்டேன். ஆனால் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டபோது ஈரம் தட்டுப்பட்டதும், மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியிடம் அவர்கள் கேட்டதும் நாம் அறிந்த நபிமொழியல்லவா? அந்த வியாபாரியிடமும் யாரும் முன்கூட்டிக் கேட்டிருக்கவில்லை.

இப்போது என் மேசையில் ஓராண்டுக்கு முந்தைய பாம்பஸ் புல் கொத்து ஒன்று, வெளிறி உதிர்ந்த நிலையிலேயே நிற்கிறது. புதிய கொத்தைக் காட்டும் முன் அதைக் காட்டுகிறேன். ஈரத்துணியால் துடைக்கலாகாது, மென்தூரிகையால் தூசு தட்ட வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். சாயம் வேண்டாம் என்போருக்கு வாடாமல்லியையும் கோழிக்கொண்டையையும் பரிந்துரைக்கிறேன். காய்ந்த பின்னும் அவற்றின் சொந்த நிறம் நெடுநாள் நிற்கும். (வாடாமல்லிக்கு அப்பெயரிட்டவர் நல்ல வியாபாரியாகத்தான் இருந்திருக்க வேண்டும்!)

பழைய கொத்தைப் பார்த்ததும் எழுந்து செல்பவர்களும் உண்டு. வருமானம் சற்றுக் குறைந்ததையும் மறைப்பதற்கில்லை.

அந்தத் தாயார் சென்ற மாதம் இளைய மகளின் நிக்காஹுக்காக மீண்டும் வந்திருந்தார். நான் பேசத் தொடங்கும் முன்பே, "இம்முறை மல்லிகைச் சரமே போதும்" என்றார்.