சேர்ந்தவர் கணக்கும் முடித்தவர் கணக்கும்

கல்லூரிக் கட்டணத்தை அரசே ஏற்ற பிறகும் பிள்ளைகள் ஏன் பாதியில் நின்றுவிடுகிறார்கள்? இக்கேள்வி எழும்போதெல்லாம் அக்கறையின்மை என்று மாணவர்மீது பழிசுமத்தி நகர்ந்துவிடுகிறோம். சற்றே நிதானித்துக் கணக்குப் பார்ப்போம்.

கட்டணம் படிப்பின் விலையில் ஒரு பகுதி மட்டுமே. பேருந்துச் செலவு, விடுதிச் சாப்பாடு, தேர்வுக் கட்டணம், புத்தகம் என மற்றவை வரிசையாக நிற்கின்றன. இவற்றினும் பெரிதான ஒன்று எந்த ரசீதிலும் இடம்பெறுவதில்லை. படிக்காமல் வேலைக்குப் போயிருந்தால் வீட்டுக்கு வந்திருக்கக்கூடிய கூலி அது. பொருளியலார் இதனை வாய்ப்புச் செலவு என்பர். சம்பாதிப்பவர் நோயில் விழுந்த வீட்டில், கட்டணச் சலுகை அடுப்பெரியச் செய்யாது.

தமிழகத்தில் 2010இல் வந்த முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை, தொழிற்கல்லூரியின் வாசலைப் பலருக்குத் திறந்தது. அதனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அது கல்லூரிக்குச் செல்லும் பணம். மாணவர் கைக்கு வருவதன்று. அரசுப் பள்ளிகளில் பயின்று மேற்படிப்புக்குச் சென்றோருக்கு மாதம் 1000 ரூபாய் வழங்க 2022இல் புதுமைப்பெண் திட்டமும், 2024இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் தொடங்கப்பட்டன. கட்டணத்துக்கு அப்பாலும் செலவுண்டு என்பதை அரசு ஒப்புக்கொண்டதாகவே இதனைக் கொள்ளலாம்.

பணம் மட்டும் போதுமா என்பதற்கு நியூயார்க்கில் ஒரு விடை இருக்கிறது. அந்நகரப் பல்கலைக்கழகம் 2007இல் ‘ஏசாப்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. ஈராண்டுப் பட்டப்படிப்பில் முழுநேரம் பயில ஒப்புக்கொண்டோருக்கு உதவித்தொகை போக மீதமுள்ள கட்டணம், பயண அட்டை, பாடநூல் ஆகியவற்றோடு, தொடர்ந்து சந்தித்துப் பேசும் ஆலோசகர் ஒருவரையும் அளித்தது. ஏழை மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஆராய்ந்தபோது, மூன்றாண்டுகளில் பட்டம் பெற்றோர் திட்டத்தில் 40 விழுக்காடு. வெளியே 22 விழுக்காடு. மாணவர் ஒருவருக்கான செலவு கூடியது. பட்டம் ஒன்றுக்கான செலவோ குறைந்தது.

சிக்கனம் எதுவென்பது இங்கேதான் விளங்குகிறது. மானியத்தைச் சேர்க்கை எண்ணிக்கையால் வகுத்தால் மலிவாகத் தெரியும். முடித்தவர் எண்ணிக்கையால் வகுத்தால்தான் உண்மை விலை புலப்படும். அதற்காகத் தேர்ச்சிக்கேற்பக் கல்லூரிகளுக்குப் பணம் தரலாமா என்றால், வேண்டாம் என்போம். விடைத்தாள் திருத்துவோரின் கை தாராளமாகிவிடும். வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் விடுபடத் தொடங்கும் வாரத்திலேயே காரணம் கேட்க ஒருவர் இருக்கவேண்டும். அவசரத்துக்கு உதவச் சிறு நிதியும் வேண்டும்.

இரண்டாண்டு படித்து நின்றவரிடம் சான்றிதழும் இல்லை, இழந்த கூலியும் திரும்பாது. அரசுக்கு அது ஒரு வரவு செலவு இனம். அவருக்கோ அது இளமையின் இரண்டாண்டுகள். நண்பர்கள் என்ன கருதுகிறீர்கள்?